மூன்று செம்பு வெந்நீர்

பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு மேலகரத்தில் நான் சும்மா இருந்த வருஷம் ஐம்பத்தெட்டு. சும்மா என்பது எங்கள் அப்பா ஆவுடைநாயகத்தின் கணக்கு. தினமும் காலையில் அவர் பேப்பரை உரக்க வாசிப்பார். வாசிப்புக்கு நடுவே மந்திரிமார்களைத் திட்டுவார். ஒவ்வொரு திட்டுக்கும் “ஆமாப்பா” சொல்ல ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அது வேலையில் சேராதாம். எனக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த “ஆமாப்பா” அக்கா முத்துவடிவுக்கும் எனக்கும் முறைவைத்து வந்துகொண்டிருந்தது.

அந்த வைகாசியில் விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. சயன்ஸ் டீச்சர் வேலை, தங்குவதற்கு அங்கேயே விடுதி. ஆனியில் அக்கா கல்யாணம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அப்பா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தடவையும் வாசித்தார். அதில் எழுத்து ஒன்றும் மாறவில்லை.

“வேலைக்கெல்லாம் போவாண்டாம்” என்றார்.

“ஏம்ப்பா?”

“உன் படிப்பு ஒரு அண்டா வெந்நி போடதுக்காவது ஆகுமாட்டி? அதுக்கே ஆகாத படிப்பு ஊரார் பிள்ளையளுக்கு என்னத்துக்கு ஆகும்?”

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒரே அடுப்பில் வைத்தாலும் தாமிரம் சட்டென்று சூடாகும், அதே எடைத் தண்ணீர் நிதானமாகத்தான் சூடாகும். ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு சூடு கொடுக்க வேண்டுமோ அதுதான் அதன் தன்வெப்பம் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அப்பா தாமிர இனம். ஒரு சொல் போதும், கொதித்துவிடுவார். அதே வேகத்தில் ஆறியும்விடுவார். கீழப்பாவூரில் வாழ்க்கைப்பட்ட அவர் அக்கா சொக்கம்மாள் அத்தை தண்ணீர் இனம். சூடேற நாளாகும், ஏறிவிட்டால் திருக்கார்த்திகை வரைக்கும் ஆறாது.

நான் எந்த இனம் என்று தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை அளக்க ஆள் இல்லை.

“வெந்நி போடதுக்குன்னே ஏற்பட்ட படிப்புதாம்ப்பா அது” என்றேன்.

அப்பா சிரித்தார். மேசைமேல் கிடந்த இன்னொரு கடிதத்தை எடுத்து என் முன்னால் போட்டார். அது அக்காவுக்கு மாமனாராக வரப்போகிற பால்வண்ணநாதன் எழுதியது. அவர் விளாத்திகுளத்துக்காரர். பஞ்சாலையில் முப்பது வருஷம் பாய்லரைக் கட்டிமேய்த்து ஓய்வு பெற்றவர். குற்றாலநாதர் சந்நிதியில் கல்யாணம் என்றதும் அவர் பக்கத்து ஜனம் மொத்தமும் அருவிக் குளியலுக்கு எண்ணெய்ச் சீசாவோடு தயாராகிவிட்டதாம். ஆனால் அவருக்கு இழுப்பு உண்டு. பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். இருபது வருஷமாக நூற்றி நாலு டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரில்தான் குளிக்கிறார். நூற்றிரண்டு என்றால் இழுப்பு, நூற்றி ஆறு என்றால் தலைச்சுற்றல். சந்தேகம் வராமல் இருப்பதற்காகத் தன்னுடைய தெர்மாமீட்டரையும் தகரக் குழாயில் போட்டு அனுப்பியிருந்தார்.

“சம்பந்தி வாயில இருந்து ஒரு குறை வராம அவருக்கு வெந்நி போட்டுக் குடு” என்றார் அப்பா. “திங்கக்கிழமை நானே உன்னை வண்டி ஏத்திவிடுதேன். குறை வந்துச்சோ, அந்தப் பள்ளிக்கூடத்துக் காயிதத்தை நீயே அடுப்புல போட்டுரணும்.”

“சரி. அத்தைதான் சாட்சி.”

“எனக்கு இந்த வம்பெல்லாம் வேண்டாம்” என்றாள், கல்யாண வேலைக்கென்று முன்கூட்டியே வந்திருந்த அத்தை. ஆனால் சம்மணமிட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாளே இரண்டு வீட்டாருமாகக் குற்றாலத்தில் சிற்றருவிக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்து இறங்கிவிட்டோம். சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. அரைத்து வைத்த சந்தனம்கூடக் காயவில்லை. பின்கட்டில் கோட்டை அடுப்பில் கொப்பரை கொதித்தது. அடுப்புக்கு மேலகரத்து மாடத்தி பொறுப்பு. நான் அருவித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டேன். எழுபத்திரண்டு காட்டியது.

“அது என்ன தாயி, கண்ணாடிக் குச்சி? தண்ணிக்குக் காய்ச்சலா?” என்றாள் மாடத்தி.

“நாளைக்குத்தான் காய்ச்சல். நூத்தி நாலு.”

“அந்தக் காய்ச்சல் வந்தா ஆளு பிழைக்கதே கஷ்டம்லா” என்றாள்.

கணக்கு லேசானது. பச்சைத் தண்ணீர் எழுபத்திரண்டிலிருந்து நூற்றி நாலுக்கு ஏற வேண்டும். முப்பத்திரண்டு டிகிரி. கொதிக்கிற தண்ணீர் இருநூற்றிப் பன்னிரண்டிலிருந்து நூற்றி நாலுக்கு இறங்க வேண்டும். நூற்றி எட்டு டிகிரி. இறங்குகிற தண்ணீர் விடுகிற சூட்டைத்தான் ஏறுகிற தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. கொடுத்ததும் வாங்கியதும் சரியாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பச்சைத் தண்ணீர் இருபத்தேழு செம்புக்கு வெந்நீர் எட்டுச் செம்பு. தாமிர அண்டாவும் சும்மா இராது, தன் பங்குக்குக் கொஞ்சம் சூடு குடிக்கும். அது முக்கால் செம்புத் தண்ணீருக்குச் சமம் என்று எடை போட்டு வைத்திருந்தேன். அதற்காகக் கால் செம்பு வெந்நீர் கூடுதல். அண்டாவையும் சேர்த்தால் மொத்தம் முப்பத்தாறு செம்பு.

மறுநாள் ஆறு மணிக்குக் குளியலறை அண்டாவில் அளந்து ஊற்றிக் கலக்கினேன். தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறி, நூற்றி நாலில் வந்து நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பரீட்சையில்கூட எனக்கு அப்படி விடை வந்ததில்லை. அண்டாவை மூடி, மூடிமேல் இரண்டு சாக்கைப் போட்டேன். சம்பந்தி முன்பக்கம் பெஞ்சில் தலை முதல் கால் வரை நல்லெண்ணெயோடு ஊறிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் ஊறுவது அவர் வழக்கம். மூடி வைத்த அண்டா அந்த நேரத்தில் ஒரு டிகிரி இறங்கினாலே அதிகம். தெர்மாமீட்டரை இடுப்பில் செருகிக்கொண்டு அக்காவுக்குப் பூக்கட்டப் போய்விட்டேன்.

ஆறே முக்காலுக்குச் சம்பந்தி குளியலறைக்குள் போனார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார், கண்ணெல்லாம் எண்ணெய். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏம்மா, நூத்தி நாலுதானே?”

“நூத்தி நாலு மாமா!” என்று நானும் கூவினேன். தண்ணீர் ஆறும் என்று படித்திருக்கிறேன். மூடி வைத்த தண்ணீர் தானாகச் சூடேறும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உள்ளே ஒரு செம்பு முங்குகிற சத்தம் கேட்டது. பிறகு “ஐயையோ” என்று ஒரு கூச்சல். அடுத்து அண்டா சாய்கிற சத்தம். கதவு திறந்தது. எண்ணெய் மினுமினுக்க, இடுப்பில் ஈரிழைத் துண்டோடு பால்வண்ணநாதன் வெளியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை, பார்க்கக் கண்ணாடியும் இல்லை. அருவிச் சத்தம் வந்த திசையை வைத்துக்கொண்டு பாறைப் படியில் ஓடினார். நேரே போய்ச் சிற்றருவிக்கு அடியில் தலையைக் கொடுத்தார்.

“போச்சு!” என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். “இழுப்புக்கார மனுஷன்! தாலி கட்டதுக்கு முன்னால சம்பந்தியைக் கொன்னுட்டாளே!”

அப்பா குடையை எடுத்துக்கொண்டு அருவிக்கு ஓடினார். அருவியில் நிற்கிறவருக்குக் குடை எதற்கு என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நான் குளியலறைக்குள் போனேன். அண்டா சரிந்து, பாதித் தண்ணீர் தரையில் ஓடியிருந்தது. மிச்சம் பாதி உள்ளேயே கிடந்தது. எவ்வளவு கொட்டிப்போனாலும் மிச்சத் தண்ணீரின் டிகிரி மாறாது. தெர்மாமீட்டரை விட்டேன். நூற்றி இருபத்திரண்டு காட்டியது.

கல்யாணச் சாமான் பட்டியலின் பின்பக்கத்தில் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முப்பத்தாறு செம்பு பதினெட்டு டிகிரி ஏறியிருக்கிறது. பெருக்கினால் அறுநூற்றி நாற்பத்தெட்டு. கொப்பரையிலிருந்து ஊற்றின ஒவ்வொரு செம்பும் இருநூற்றிப் பன்னிரண்டிலிருந்து நூற்றி இருபத்திரண்டுக்கு இறங்கியிருக்கிறது. தொண்ணூறு டிகிரி. அறுநூற்றி நாற்பத்தெட்டைத் தொண்ணூறால் வகுத்தால் ஏழும் கொஞ்சமும். யாரோ ஏழு செம்பு ஊற்றியிருக்கிறார்கள்.

எழுந்து பின்கட்டுக்கு வந்தேன். அப்போது எனக்கிருந்த கோபத்தில் விறகே வேண்டாம், கொப்பரை என்னைப் பார்த்தே கொதித்திருக்கும்.

“அண்டாவுல ஏழு செம்பு வெந்நி ஊத்துனது யாரு?”

எங்கள் குடும்பத்தில் உபசாரம் செய்ய யாரும் யாரையும் கேட்பது கிடையாது. சாம்பாருக்கு மூன்று பேர் தனித்தனியாக உப்புப் போடுவார்கள். விருந்தாளி இலையில் ஒரே வடையை மூன்று பேர் மூன்று தடவை வைப்பார்கள். சம்பந்திக்கென்று ஓர் அண்டா மூடிக் கிடந்தால் அதை மூடிக் கிடக்க விடுவார்களா? இது எனக்குத் தெரியாததா? தெரியும். கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

“ஏழெல்லாம் இல்லட்டி” என்றாள் அத்தை. “ரெண்டே ரெண்டு. வச்ச தண்ணி ஆறாம இருக்குமாக்கும்? நான் பாக்காத வெந்நியா?”

“நான் ஒண்ணு தாயி” என்றாள் மாடத்தி. “அந்த ஐயா சாரல்ல நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்தாரு. பாக்கப் பாவமா இருந்துச்சு.”

“நானும் ஒண்ணு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பார்த்தால் கல்யாணப் பெண், என் அக்கா! கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் ஊற்றியிருக்கிறாள். “தண்ணி ஆறிக் கிடந்துச்சுன்னு மாமனார் நாளைப்பின்ன சொல்லிக் காட்டுனா உனக்கென்ன, கேக்கப்போறது நான்லா?”

இரண்டும் ஒன்றும் ஒன்றும் நாலு. இன்னும் மூன்று செம்பு வர வேண்டும். செம்புக்குச் செம்பு கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று செம்பு எங்கேயும் ஒளியாது.

அந்த நேரத்தில் அப்பா திரும்பி வந்தார், தனியாக. குடைக்குள் நின்றுகொண்டே முழுக்க நனைந்திருந்தார்.

“வர மாட்டேங்காரு” என்றார். “முகூர்த்தம் ஒன்பது மணிக்குன்னு கத்துனேன். ‘தாலி கட்டப்போறது என் மகன்தானே, நானா’ங்காரு.”

“இழுப்பு?”

“இழுப்புமில்ல, ஒண்ணுமில்ல. அருவிக்குள்ள நின்னு பாட்டுப் படிக்காரு.”

எட்டு மணிக்கு விளாத்திகுளத்து ஜனம் கூடிப் போய் அவரை இழுத்து வந்தது. உடம்பெல்லாம் சிவந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். அப்பா அவரைப் பேசவே விடவில்லை.

“பாத்தியாட்டி? சம்பந்தி கத்திக்கிட்டு ஓடுனாரு. குறை வந்தாச்சு. காயிதத்தை எடு.”

“வாயில இருந்து குறை வரக்கூடாதுன்னுதானே பேச்சு? மாமா என்ன குறை சொன்னாரு?”

“ஐயையோன்னாரே!”

“அது குறையாப்பா?”

“பின்ன என்ன, தேவாரமா?”

விஷயத்தைக் கேட்ட சம்பந்தி, துண்டைப் பிழிந்து தலையைத் துவட்டிக்கொண்டே என் கையிலிருந்த பட்டியலை வாங்கினார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். பாய்லர்க்காரர் அல்லவா, வரி வரியாக விரலை வைத்துப் பார்த்தார். விருதுநகர் அந்த விரல் நுனியில் இருந்தது.

“அண்டாவையும் சேத்திருக்கியே!” என்றார். “எங்க மில்லுல இஞ்சினீயர்மாரே அதை மறந்துருவாங்க. கணக்கு சுத்தமா இருக்கு. ஐயையோங்கிறது குறை இல்ல, சத்தம். இருபது வருஷமா வெந்நிப் பானைக்குள்ளயே கிடந்துட்டேன். இன்னைக்குத்தான் குளிச்சேன். நான் ஒரு குறையும் சொல்லல.” பிறகு பாய்லர் வெடித்த இடத்துக்கு விசாரணைக்கு வந்தவர்போல நிமிர்ந்து, எல்லோரையும் பார்த்தார். “ஆனா, மிச்சம் மூணு செம்பு யாரு?”

“முகூர்த்தத்துக்கு நேரமாச்சு” என்றார் அப்பா. “ஏலே, நாயனக்காரரைக் கூப்பிடுங்கலே!”

கல்யாணம் நன்றாகவே நடந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா அழுதுகொண்டே விளாத்திகுளத்துப் பஸ்ஸில் ஏறினாள். சம்பந்தி, இன்னொரு தடவை அருவிக்குப் போக நேரமிருக்கிறதா என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டே ஏறினார். பஸ் திரும்புகிற வரை கை ஆட்டிவிட்டு, நான் பின்கட்டுக்கு வந்து பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து அணைந்த அடுப்புப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஏட்டி குழலு, அந்தக் கணக்குல ஊத்துனது யாருன்னு வருமா?”

“வராதுப்பா. எத்தனை செம்புன்னுதான் வரும்.”

“அப்போ நானே சொல்லுதேன். மூணும் நான்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “நீங்களும் உபசாரமா?”

“உபசாரமில்ல. நீ தோக்கணும்னுதான் ஊத்துனேன்.”

சிரிப்பு நின்றது. மூன்று செம்பு மட்டும் ஊற்றியிருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று மனசு தானாகப் போட்டுப் பார்த்தது. நூற்றிப் பன்னிரண்டு. முகம் சுளிக்கவைக்கிற சூடு, புண்ணாக்குகிற சூடு இல்லை. கணக்கே தெரியாத மனுஷன் எவ்வளவு சரியாக அளந்திருக்கிறார்! அதை நினைத்ததும் கோபம் இன்னும் கூடிவிட்டது.

“பெத்த மகளைத் தோக்கடிக்கணும்னு திருட்டுத்தனமா ஊத்துவாங்களா? இப்படி ஒரு அப்பாவை நான் எங்கயும் பாத்ததில்ல!”

“ஒருத்தி இன்னைக்குப் போயிட்டா” என்றார் அப்பா. அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். “உங்க அத்தை நாளைக்குக் கீழப்பாவூர் போயிருவா. திங்கக்கிழமை நீயும் போயிருவே. நான் அந்தப் பேப்பரை யாருக்குட்டி வாசிச்சுக் காட்ட?”

எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. அவரை விட்டுவிட்டுப் போகத்தான் வேண்டுமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். போகத்தான் வேண்டும் என்றும் எனக்குத் தெரிந்தது.

“நான் போகத்தாம்ப்பா செய்வேன்.”

“போ. யாரு வேண்டாம்னா? சொன்ன சொல்லு சொல்லுதான். மதுரைப் பக்கம் போற காலை வண்டிக்கு நானே கொண்டுவந்து விடுதேன்.” குச்சியை அடுப்புக்குள் போட்டார். பிறகு, “வீட்டுல வெந்நி போட எத்தனை செம்புன்னு எழுதி வச்சுட்டுப் போ. நான் இதுவரைக்கும் போட்டதில்ல” என்றார்.

பட்டியலின் ஓரத்தில் எழுதினேன். மேலகரத்துக் கிணற்றுத் தண்ணீர் அருவித் தண்ணீரைவிடப் பத்து டிகிரி சூடு. அதனால் பச்சைத் தண்ணீர் இருபத்தைந்து செம்பு, கொதித்த தண்ணீர் ஐந்து செம்பு. கிழித்துக் கொடுத்தேன். அப்பா அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“இடையில வேற யாரும் ஊத்தாம இருந்தா சரியா வரும்லா?”

“வேற யாருப்பா இருக்கா ஊத்ததுக்கு?” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அப்பா சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஆமா” என்றார். “கணக்கு சரியாத்தான் வரும்.”